இலை வாட்டும் மாடி

12 பிப்ரவரி 2001, திங்கள்

என் தையல் கடைக்கு யாரும் வரவில்லை. மதியம் வரை இரண்டு பேர். ஒருவர் நூல்கண்டுக்கு, இன்னொருவர் பக்கத்துக் கடை எப்போது திறக்கும் என்று கேட்க. தேயிலை விலை விழுந்த பிறகு கோத்தகிரியில் ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இருக்கிற திரையைத் துவைத்துப் போடுகிறார்கள். எனக்கே அதுதான் நியாயமாகப் படுகிறது.

ஆனாலும் கண் சும்மா இருப்பதில்லை. போன வாரம் கட்டபெட்டில் ஒரு சாவு வீடு. எல்லோரும் அழுகிறார்கள், நான் நிலைக்கு மேலே செதுக்கியிருந்த கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். கோயமுத்தூரில் படித்த வீட்டு அலங்காரப் படிப்பு எனக்கு இந்த ஒரு வியாதியைத்தான் கொடுத்திருக்கிறது.

பொங்கலிலிருந்து ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. கேட்டில் 'தற்காலிகமாக' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். பறிக்கிற கொஞ்சம் இலையையும் லாரியில் ஏற்றி வேறு ஃபேக்டரிக்கு அனுப்புகிறார்கள். அவர் அங்கே டீ மேக்கர். இலை வந்து இறங்கியதிலிருந்து தூளாகி மூட்டை கட்டும் வரை எல்லாம் அவர் மூக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது பதில் சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பிப் போய் இலை உருட்டும் ரோலருக்குக் கிரீஸ் போட்டு, மாடியைக் கூட்டிவிட்டு வருகிறார்.

"மெஷினு சும்மா நின்னா துரு புடிச்சுக்கும் புள்ள. நாளைக்கே தெறன்னா தெறக்கோணுமல்ல" என்கிறார்.

நாங்கள் இருப்பது எஸ்டேட் குவாட்டர்ஸ். ஃபேக்டரி இல்லையென்றால் இந்த வீடும் இல்லை. இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

21 பிப்ரவரி, புதன்

நம்ப முடியவில்லை. கம்பெனியின் சின்ன டைரக்டர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். ராஜரத்தினம் என்று பெயர். பழைய மேனேஜர் பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறார்களாம். உள் அலங்காரம் என்னிடம்.

"டீ மேக்கர் சம்சாரம் இந்தப் படிப்பு படிச்சிருக்காங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க மேடம். வெளியில இருந்து ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்கு இங்கேயே இருக்கறவங்க செய்யட்டுமே."

நல்ல மனிதர். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "பங்களா நல்லா ஓடுச்சுன்னா, அந்தத் தெம்புல ஃபேக்டரியைத் திறந்துடலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் கையால் போட்ட டீயை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கெல்லாம் டீ செய்கிறவர் வீட்டில் அதைத் தொடமாட்டார்.

23 பிப்ரவரி, வெள்ளி

பங்களாவை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் பின்பக்கச் சமையலறையைத் தாண்டி உள்ளே போனதில்லை. கணப்பைச் சுற்றி நீலப் பூப் போட்ட ஓடுகள், பாதிக்கு மேல் விரிசல். பெரிய ஹாலில் கிழிந்து தொங்கும் பூப்போட்ட சீட்டித் திரை. தரை மட்டும் படுமோசம். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் பலகையைப் பெயர்த்துவிட்டுப் பச்சை மொசைக் போட்டிருக்கிறார். அந்தப் புண்ணியவானைக் கண்டால் இரண்டு வார்த்தை கேட்பேன்.

திரும்பும்போது தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் பேச்சியம்மா பிடித்துக்கொண்டாள். ஃபேக்டரியில் சல்லடை அறையில் வேலை பார்த்தவள். சிலோனில் பிறந்து, கப்பலேறி இங்கே வந்தவர்களில் ஒருத்தி.

"தொரைமாருகிட்ட பேசுற ஆளு நம்ம பக்கத்துல நீங்க ஒருத்தருதான். ஃபேக்டரி எப்ப தெறக்கும்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கம்மா. பேரு கூப்புடுற பெரட்டு மணி அடிக்காம காலையில எந்திரிக்கவே தெரியல."

பங்களா முடியட்டும், திறந்துவிடுவார்கள் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

14 மார்ச், புதன். காரைக்குடி

கம்பெனி அனுப்பி வைத்திருக்கிறது. "நாலு ஊர் போய் வீடுங்களைப் பாருங்க மேடம், புத்தகத்துல பார்த்துச் செஞ்சா சினிமா செட்டு மாதிரி ஆயிடும்" என்றார் ராஜரத்தினம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வியாதிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து ஐந்து வீடுகள் பார்த்தேன். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுவர். கையை வைத்தால் குளிர்ந்த பால்பாத்திரம் மாதிரி வழுவழு. ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும். ஒருவர் கட்டிப் பிடிக்க முடியாத பர்மாத் தேக்குத் தூண்கள். வீட்டுக்காரர்கள் யாரும் இல்லை. காவலாள் கதவு திறந்து காட்டுகிறார், மூடுகிறார்.

மதியம் பழைய சாமான் கடைத் தெரு. அங்கேதான் ஒரு பெட்டியில் அந்தத் துணியைப் பார்த்தேன். கையால் எழுதிய பூந்துணி. நம் பங்களாவின் கிழிந்த திரையில் இருக்கும் அதே பூ, அதே வளைந்த தண்டு. கடைக்காரர் சொன்னார்: "இதெல்லாம் நம்ம கடற்கரையில எழுதி சீமைக்கு அனுப்புனது ஆச்சி. அவுக அதைப் பார்த்து மெஷினுல அடிச்சு, திரும்ப நமக்கே அனுப்புனாக." வெள்ளைக்காரர் பூ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பூ, கப்பலேறிப் போய் வேறு துணியில் திரும்பி வந்து, மலையேறி, எங்கள் எஸ்டேட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பேச்சியம்மாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

கடைக்குப் பின்னால் பிரித்த வீடுகள் குவிந்து கிடந்தன. வீடு என்றே சொல்ல வேண்டும். கதவு, நிலை, உத்தரம், மாடிப்படி, எல்லாம் தனித்தனியாக. பர்மாத் தேக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். பலகையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நகத்தால் சுரண்டி முகரச் சொன்னார். தோல் மாதிரி ஒரு வாசனை, லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. சில பலகையின் முனையில் வட்டமாக ஒரு முத்திரை அடித்திருக்கும், அதைக் காட்டினார்.

ஒரு நிலையில் மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. யாரோ கடைசி நாள் வரைக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முந்தின நொடியில் என் மனம் சொன்னது என்ன? 'சாப்பாட்டு அறைக்குச் சரியாக இருக்கும்.' அதையும் எழுதத்தான் வேண்டும்.

16 மார்ச், வெள்ளி. தஞ்சாவூர்

வெயில். அரண்மனைச் சுவர்ச் சித்திரங்களில் ஒரு காவி நிறம், அதைத் திரைக்கு எடுத்துக்கொள்ளலாம். மலையாளத்துப் பக்கமும் போகச் சொல்லியிருந்தார்கள், போகவில்லை. வீட்டு நினைவு வந்துவிட்டது.

20 மார்ச், செவ்வாய்

மதியம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். மாடியில் கூட்டிக்கொண்டிருந்தார். பறித்த இலையை ராத்திரி முழுக்க விரித்து வாட்டுகிற மாடி. இப்போது புது ஃபேக்டரிகளில் கம்பி வலைத் தொட்டியில் விசிறி வைத்து வாட்டுகிறார்கள். எங்களுடையது பழையது, பலகை மாடி. வழக்கம்போலப் படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். இலை கிடக்கும் இடத்தில் செருப்புக் காலோடு யாரும் ஏறியதில்லை. பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர்கூடப் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாராம். சாமி இருக்கும் இடம் என்றெல்லாம் இல்லை. நாளைக்கு யாரோ குடிக்கப் போகிற பொருள், அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் நான் இந்தத் தரையைப் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு முழத்துக்கும் மேல் அகலமான பலகைகள். இலைச் சாறு இறங்கி இறங்கி, நடுவில் கறுத்து, ஓரத்தில் தேன் நிறம். வெறுங்கால்களே இழைத்த மெருகு. தூக்குப் போசியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு நகத்தால் சுரண்டினேன். தேயிலை வாசனைக்கு அடியில், அந்தத் தோல் வாசனை. சுவரோரம் ஒரு பலகையின் முனையில் வட்ட முத்திரை.

"ஏனுங்க, இது பர்மாத் தேக்குங்க."

"இருக்கட்டும். மொதல்ல தண்ணியத் தொடை. பலகை ஈரமானா பூஞ்சை புடிக்கும்."

துடைத்தேன். மனம் மட்டும் நிற்கவில்லை. பங்களா ஹாலுக்கு இந்தத் தரைதான். இதே மாதிரிப் பலகை, இதே கறுப்பு, இதே தேன். மெத்தென்ற நாற்காலிகளுக்கு நடுவில் இந்த எஸ்டேட் என்ன செய்து பிழைத்தது என்பது காலடியில் தெரிய வேண்டும். சாயங்காலத்துக்குள் வரைந்து முடித்துவிட்டேன். நான் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம்.

26 மார்ச், திங்கள்

ராஜரத்தினத்துக்குப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தத் தரை எங்கேயாவது இருக்கா, நேர்ல பார்க்க முடியுமா?" என்று கேட்டார். நம் ஃபேக்டரி மாடியிலேயே இருக்கிறதே என்றேன். சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் ஷூவோடு படியில் கால் வைத்தார். என் வீட்டுக்காரர் மேலிருந்து தயங்கித் தயங்கி, "சார், கோவிச்சுக்காதீங்க... செருப்பு..." என்றார். ராஜரத்தினம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இலை எப்படி வாடும், கையில் பிடித்தால் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் காட்டினார். இல்லாத இலையைக் கையில் பிடித்துக் காட்டினார்.

ராஜரத்தினம் குனிந்து விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தார். இரண்டு மூன்று இடங்களில்.

9 ஏப்ரல், திங்கள்

பச்சை இலை விலை இன்னும் இறங்கியிருக்கிறது. பிக்கட்டிப் பக்கம் இலையைப் பறித்து ரோட்டில் கொட்டினார்களாம். கடையில் வியாபாரம் இல்லை. திரைக்குக் காவி நிறம் கிடைத்துவிட்டது.

14 ஏப்ரல், சனி

வருஷப் பிறப்பு. பேச்சியம்மா வந்து வேப்பம்பூ கொடுத்துவிட்டுப் போனாள். "தேதி ஏதும் சொன்னாங்களாம்மா?" சொல்லவில்லை என்றேன். "சொல்லுவாங்க, சொல்லுவாங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

17 மே, வியாழன்

ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம். ரோடு முழுக்க வண்டி. எங்கள் ஃபேக்டரிக்கும் ஒரு வண்டி வந்தது.

சாயங்காலம் அவர் வரும்போது நடையே வேறாக இருந்தது. சட்டையில் கிரீஸ், முகத்தில் சிரிப்பு.

"ரெண்டு பேரு டேப்பு வச்சு மாடிய அளந்துட்டுப் போறாங்க புள்ள. ஒரு பலகை விடாம. அளக்கறதப் பாத்தா வாட்டுற தொட்டி போடறாங்க போல. புதுசா செய்யறாங்கன்னா தெறக்கப் போறாங்கன்னுதானே அர்த்தம்."

அவர்களுக்காகப் பாய்லரைக்கூடப் பற்ற வைத்துக் காட்டினாராம். புகைபோக்கியில் புகை வந்ததைப் பார்த்துவிட்டு லயத்திலிருந்து ஜனம் ஓடி வந்துவிட்டது. பேச்சியம்மா சல்லடை அறையைத் திறந்து கழுவியிருக்கிறாள்.

தொட்டி போடுகிறவன் தரையின் நீள அகலத்தை அளப்பான். ஒவ்வொரு பலகையையும் எதற்கு அளக்கிறான்?

காரைக்குடிக் கடைக்குப் பின்னால் டேப்போடு நின்ற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். விற்கிற மரத்தைப் பலகை பலகையாகத்தான் அளப்பார்கள்.

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

19 மே, சனி

இன்னும் சொல்லவில்லை.

21 மே, திங்கள்

ராஜரத்தினத்தைப் பார்த்து நேராகக் கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துச் சொன்னார். ஃபேக்டரியைத் திறப்பதில்லை என்று போர்டில் முடிவாகிவிட்டது. பலகையும் மெஷின் பித்தளையும் விற்று அதில் விடுதி. ஹாலுக்கு வேண்டியது போக மீதிப் பலகை பெங்களூருக்கு.

"திறக்கறதா, வேண்டாமான்னு நாலு மாசமா இழுத்துட்டே இருந்தோம் மேடம். அந்தக் கட்டடத்துல என்ன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. உங்க ஐடியாதான் கண்ணைத் திறந்துச்சு."

பாராட்டாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. ஐயோ, என்ன வேலை செய்துவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே — நான் ஊருக்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

தரை வேண்டாம், ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம், அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது, புதுப் படம் போட்டுத் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பதிக்கலாம் மேடம். ஆனா பலகை எப்படியும் போகும். இங்க போகலைன்னா மொத்தமும் பெங்களூருக்குப் போகும்."

நான் கண்டெடுத்ததை இனி என்னால் ஒளித்து வைக்க முடியாது.

22 மே, செவ்வாய்

சொல்லிவிட்டேன். வீட்டில் அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரேடியோவை நிறுத்தினார்.

"நாந்தான செருப்பக் கழட்டச் சொல்லி மேல கூட்டிட்டுப் போனேன்" என்றார். "இல்லாத எலையக் காட்டிட்டு நின்னேன் பாரு."

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

4 ஜூன், திங்கள்

ஃபேக்டரியைத் திறக்கச் சொல்லி லயத்துக்காரர்கள் எல்லோரும் கேட் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மழை. தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். யூனியன்காரர்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். நான் அந்த வழியாகத்தான் பங்களாவுக்குப் போக வேண்டும். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு பெண் நகர்ந்து வழி விட்டாள்.

18 ஜூன், திங்கள்

பேச்சியம்மா லயத்தைக் காலி செய்கிறாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அங்கே போகிறாளாம். சொல்லிக்கொள்ள வந்தாள்.

"சிலோன்ல போகச் சொல்லும்போது கையில பத்துச்சீட்டுன்னு ஒண்ணு குடுத்தாங்க. இன்னாரு, இந்தத் தோட்டத்துல வேல செஞ்சாருன்னு அதுல இருக்கும். இங்க சீட்டு ஏதும் இல்ல, கேட்டுல தற்காலிகம்னே போட்டிருக்கு. நான் போயிட்டேன்னா, தெறந்து பேரு கூப்புடறப்ப நான் இங்க இருக்க மாட்டேன்ல?"

அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும்தான் கேட்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்கத்தான் முடிந்தது.

29 ஜூன், வெள்ளி

பங்களா வேலையை விட்டுவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நீ உட்டா கோயமுத்தூர்ல இருந்து எவனாச்சும் வருவான். வந்து அதும்மேல வார்னிசு அடிப்பான். கறையெல்லாம் சொரண்டி எடுத்துப் போடுவான். நீயே செய்யி."

9 ஜூலை, திங்கள்

மாடியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பலகையை முதலில் எடுத்தால் எது சாயும் என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அதனால் அவரையே மேற்பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நான் கீழே நின்று பார்த்தேன். பிரிக்க வந்த தச்சர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறச் சொன்னார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பிரிக்கப் போற மாடிக்கு என்னங்க மரியாதை?" இவர் படியடியில் வழியை மறித்து நின்றுகொண்டார். கடைசியில் கழற்றித்தான் ஏறினார்கள்.

பலகை பெயரப் பெயர இடுக்குகளிலிருந்து தூள் கொட்டியது. எத்தனை வருஷத்துத் தூளோ. மழையில் நனைந்ததும் கட்டடம் முழுக்க டீ வாசனை எழும்பியது. ஃபேக்டரி ஓடுகிற நாளில்கூட அப்படி மணத்ததில்லை.

2 ஆகஸ்ட், வியாழன்

நான் சாதித்தது ஒன்றே ஒன்று. வார்னிஷ் இல்லை. ராஜரத்தினம் பளபளப்பாக இருக்கட்டுமே என்றார். முடியாது என்றேன். "உங்க இஷ்டம் மேடம்." சண்டைகூடப் போட முடியாத மனிதர். ஆளி எண்ணெய் மட்டும் பூசச் சொல்லியிருக்கிறேன். கறை அப்படியே இருக்கும். மாடியில் எந்த வரிசையில் கிடந்தனவோ அதே வரிசையில் பதிக்கிறோம். என் வீட்டுக்காரர்தான் ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்கிறார்.

25 அக்டோபர், வியாழன்

ஆயுத பூஜை. ஒவ்வொரு வருஷமும் ஃபேக்டரியில் ரோலருக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு, லயம் முழுக்கப் பொரி கொடுப்பார்கள். இந்த வருஷம் அவர் டீ ருசி பார்க்கும் கரண்டியை எடுத்து வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் பொட்டு வைத்தேன். பொரி வாங்கியது அதிகம். லயமே காலி, கொடுக்க ஆளில்லை.

19 நவம்பர், திங்கள்

ஹால் முடிந்துவிட்டது. சாயங்கால வெளிச்சம் மேற்கு ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்தது. காவித் திரை. கணப்பில் நீல ஓடுகள், விரிசலோடு. காரைக்குடிப் பூந்துணியைச் சட்டம் போட்டு அந்தக் கிழிந்த சீட்டித் திரையின் ஒரு துண்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். கீழே தரை, கறுப்பும் தேனுமாக.

அழகாக இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழகாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

10 டிசம்பர், திங்கள்

அவருக்கு விடுதியில் வேலை. வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, டீ எப்படிச் செய்வார்கள் என்று சொல்ல வேண்டும். சேர்ந்தால் குவாட்டர்ஸில் இருந்துகொள்ளலாம். யோசிக்க என்ன இருக்கிறது?

"சொல்றதுதான, சொல்லிட்டாப் போச்சு" என்றார்.

22 டிசம்பர், சனி

திறப்பு விழா. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள். என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

அவர் டீத் தட்டோடு ஹால் வாசலுக்கு வந்தார். வாசலில் நின்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். யோசித்துச் செய்யவில்லை. கால் அதுவாகவே செய்தது. ஒரு அம்மாள் ஏன் என்று கேட்டார். "எல கெடந்த பலகைங்க" என்றார், அவ்வளவுதான். அந்த அம்மாள் எழுந்து போய்த் தன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் வாசலில் வரிசையாகச் செருப்பும் ஷூவும்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூடத் தோன்றியது. ராஜரத்தினம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பியூட்டிஃபுல், மேடம்."

2 ஜனவரி 2002, புதன்

ராஜரத்தினம் சொன்னது வெறும் பாராட்டு இல்லை போலிருக்கிறது. விடுதி மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். டீ மேக்கர் தினமும் அப்படியே செய்ய வேண்டும். வாசலில் தட்டை வைப்பது, செருப்பைக் கழற்றுவது, அந்த வார்த்தையைச் சொல்வது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ரப்பர் செருப்பு பார்க்க நன்றாக இல்லையாம். பழைய தோல் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய காக்கி டிரவுசரும் சட்டையும். விருந்தாளிகள் ஷூவைக் கழற்ற வேண்டாம், குளிர். அவர் மட்டும் கழற்றினால் போதும்.

என்னிடமும் ஒரு வேலை சொன்னார்கள். வாசலில் நிரந்தரமாக நாலைந்து ஜோடிப் பழைய செருப்பு வரிசையாக வைக்க வேண்டுமாம். லயத்தில் கேட்டால் கிடைக்குமா என்றார்கள்.

லயத்தில் யாரும் இல்லை என்றேன்.

11 ஜனவரி, வெள்ளி

புல்லெல்லாம் உறைபனி. அவர் பாதத்தில் வெடிப்பு. தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தடவினேன். நாளைக்கு மேனேஜரிடம் நான் பேசுகிறேன் என்றேன். காலை இழுத்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

"இந்தக் குளுருல வெறுங்காலோட ஏனுங்க நிக்கோணும்?"

"வெறுங்காலு எனக்குப் புதுசா? குளுரு இல்ல புள்ள. அவங்க பாக்கறாங்க பாரு, நான் கழட்டறத. அப்பத்தான் என்னமோ பண்ணுது."

இன்றைக்கு ஒரு கூட்டம் ஃபோட்டோ எடுக்கத் தவறிவிட்டது என்று இரண்டாவது தடவை கழற்றிக் காட்டச் சொன்னார்களாம்.

14 ஜனவரி, திங்கள்

பொங்கல். விடுதியில் கூட்டம், லீவு இல்லை.

17 ஜனவரி, வியாழன்

அவர் வர இருட்டிவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக அதற்குப் பிறகு வாசலில் செருப்பு விழும் சத்தம், வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம், அப்புறம்தான் அவர். இன்றைக்கு அந்த இரண்டும் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் வீட்டுக்குள்ளேயே வந்தது. முன்னறையைத் தாண்டி, சாமி மாடத்தைத் தாண்டி, அடுப்படி வரைக்கும் வந்தது. பானைக்குப் பக்கத்தில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடித்தார். காலில் அந்தத் தோல் செருப்பு, பனிச் சேறோடு.

"ஏனுங்க" என்றேன்.

செருப்போடே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பரிமாறினேன்.